பல்லி வேலைக்குப் போகிற கதை

அன்புள்ள தங்கைக்கு,

பாப்பா வாயைத் திறந்தாலே பொய்தான் என்று பள்ளியில் மிஸ் சொன்னதாக வருத்தப்பட்டாயே, அது போனில் பேசி முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. இதே கவலையில் இன்னும் பல அம்மாக்கள் இருப்பார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பொய் சொல்ல ஒரு காரணம் வேண்டும். திட்டுக்குத் தப்பிக்க, மிட்டாய் வாங்க, இப்படி ஏதாவது. டியூப் லைட்டுக்குப் பின்னால் இருக்கும் பல்லி ராத்திரி ஆனால் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறது என்று சொல்வதில் நாலு வயதுக் குழந்தைக்கு என்ன லாபம்?

பொங்கலுக்கு வந்தபோது, தயிர்சாதம் ஊட்டிக்கொண்டே அந்தக் கதையை முழுதாகக் கேட்டேன். நடுவில் "அப்புறம்?" என்று மட்டும்தான் கேட்டேன். அம்மா பல்லி வேலைக்குப் போய்விடும். குட்டிப் பல்லி சுவரில் தனியாக இருக்கும், ஆனால் அழாது. அழுதால் வால் விழுந்துவிடும். விடிந்ததும் அம்மா பல்லி வந்து புது வால் ஒட்டிவிடும்.

நீ நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸ். உன்னிடம் நேராகச் சொல்லத் தெரியாததைத்தான் அவள் பல்லியை வைத்துச் சொல்கிறாள். "பல்லிக்கு ஏதுடி டிபன் பாக்ஸ்?" என்று யாராவது குறுக்கே கேட்டிருந்தால் வால் ஒட்டுகிற இடம் வரைக்கும் கதை வந்திருக்காது. விடிந்ததும் நீ வந்துவிடுவாய் என்ற நம்பிக்கை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

சிகாகோவில் விவியன் பேலி (1929–2019) என்று ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை இருந்தார். பிள்ளைகள் கதை சொல்லச் சொல்ல, அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பே சேர்ந்து அதை நடிக்கும். கதை சொன்ன பிள்ளை தனக்குப் பிடித்த வேடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். இதை நம் வீட்டு ஹாலிலேயே செய்யலாம். ஒரு நோட்டு வாங்கு. "நாளைக்குப் பல்லி வந்துச்சு" என்றாலும் திருத்தாமல் அப்படியே எழுதித் தேதி போடு. மறுநாள் வாசித்துக் காட்டு. அத்தை அம்மா பல்லியாகட்டும், மாப்பிள்ளை டியூப் லைட்டாக நிற்கட்டும். குட்டிப் பல்லி யார் என்பதை அவளே சொல்வாள்.

டம்ளரை உடைத்துவிட்டு "பல்லிதான் தள்ளிச்சு" என்றால், அது வேறு. அப்போதும் அதட்டாதே. "சரி வா, ரெண்டு பேரும் சேர்ந்து துடைக்கலாம்" என்றால் போதும்.

மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகாதே. வகுப்பில் அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு கதையை முடிவு வரை கேட்க அவருக்கு நேரம் ஏது? அந்த நோட்டை ஒரு நாள் அவரிடம் காட்டு, பாப்பாவிடம் கேட்டுவிட்டு.

இன்று டியூட்டிக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அம்மா பல்லி வேலையில் என்னவெல்லாம் செய்யும் என்று அவளிடம் கேட்டுப் பார். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அக்கா