ஆறு வயதில் சத்தமில்லாமல் வரும் பல்: முதல் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் மருத்துவர். வலி வந்த பிறகுதான் பெரும்பாலான பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். வலி வருவதற்கு முன்பு, தினமும் பல மணி நேரம் அவர்கள் உங்கள் கண் முன்னால்தான் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்மையில் ஏழரை வயதுச் சிறுமி ஒருத்தி, கன்னத்தை உள்ளங்கையில் தாங்கியபடி வந்தாள். இரண்டு இரவாகத் தூக்கமில்லை. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைத் திருப்பினேன். கீழ்த்தாடையின் இடது பக்கம், கடைசிப் பல். மேலே பார்த்தால் ஊசி முனை அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி, அவ்வளவுதான். ஆனால் அதைச் சுற்றிப் பல் சாம்பல் பூத்திருந்தது. மேல் ஓடு அப்படியே நிற்க, உள்ளே சொத்தை குடைந்து நரம்பு வரை போயிருந்தது.

"இது விழுந்து முளைக்கும் பல் இல்லை" என்றேன். அந்த அம்மா திகைத்துப் போனார். "பால் பல்லுன்னுதானே டாக்டர் விட்டுட்டோம்? அந்த இடத்துல பல்லு எதுவும் விழவே இல்லையே!"

பல் எதுவும் விழவில்லை என்று அவர் சொன்னது சரிதான். சிக்கலே அங்குதான் இருக்கிறது.

ஆறு வயதை ஒட்டி, பால் பற்கள் வரிசையின் கடைசியில், மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. முன்பல் ஆடி விழுந்தால் வீடே கொண்டாடுகிறது. இந்த நான்கு பற்களுக்கோ எந்தப் பால் பல்லும் விழுந்து வழி விடுவதில்லை. தாடை வளர்ந்து உண்டான புது இடத்தில், யார் கண்ணிலும் படாமல் வந்து நிற்கின்றன. வாழ்நாள் முழுக்க மெல்லப் போவது இவற்றை வைத்துத்தான். பிறகு வரும் நிரந்தரப் பற்கள் வரிசை பிசகாமல் அமைவதற்கும் இவை இடத்தில் நிற்க வேண்டும்.

ஈறைக் கிழித்துக்கொண்டு முழு உயரத்துக்கு வரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே இருப்பதால் பிரஷ் அதைத் தொடாமலே மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். புதிதாக வந்த பல்லின் மேல் ஓடான எனாமல் இன்னும் முழுமையாக உறுதிப்பட்டிருக்காது. மேல்பரப்பில் உள்ள பள்ளங்கள் சில சமயம் பிரஷின் ஒற்றை இழைகூட நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானவை. சொத்தைக்கு இதைவிட வசதியான இடம் வாயில் வேறு இல்லை.

சொத்தை எப்படி வருகிறது என்று பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கும்போது "பல்லில் பூச்சி" என்று நிறுத்திவிட வேண்டாம். பல்லில் படியும் பாசிபோன்ற படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலான கிருமிகள் வாழ்கின்றன. நாம் தின்னும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேல் அமிலம் கூடக் கூட அதை அளக்கும் பிஎச் எண் குறையும்; அது 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். பிறகு உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்ததைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். அதற்கு நேரம் வேண்டும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் என்று நாள் முழுக்க இனிப்பு பானத்தை உறிஞ்சும் பிள்ளையின் உமிழ்நீருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. பாராட்டாக மிட்டாய் கொடுக்கும் பழக்கத்தை வகுப்பில் நிறுத்துங்கள் என்று கேட்பது இதனால்தான். ஒரு ஸ்டிக்கர் கொடுத்தாலும் பிள்ளை அதே அளவு மகிழும்.

சொத்தையின் முதல் அறிகுறி கருப்பு அல்ல, சுண்ணாம்பு பட்டது போன்ற வெள்ளைத் திட்டு. அந்தக் கட்டத்தில் எனாமலை உறுதிப்படுத்தும் ஃபுளூரைடு கலந்த பேஸ்ட்டும் ஒழுங்கான துலக்கலுமே அதை ஆற்றிவிட முடியும். குழி விழுந்துவிட்டால் முடியாது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃபுளூரைடு பற்பசையையும் சேர்த்தது. அழகுக்கான பொருளாக மட்டும் அதைப் பார்த்த நமக்கு இது பெரிய செய்தி.

ஈறு விஷயத்தில் தவறான அறிவுரை ஒன்று தலைமுறை தலைமுறையாக வருகிறது. ரத்தம் கசிந்தால் அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாது என்கிறார்கள். உண்மை நேர் எதிர். பெரும்பாலும் அங்கே படலம் சேர்ந்து ஈறு வீங்கியிருப்பதால்தான் ரத்தம் வருகிறது. 1965இல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. மென்மையான பிரஷால் ஈறு ஓரத்தில் தொடர்ந்து துலக்கியும் ரத்தம் நிற்காவிட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இனி நான் கேட்க வந்தது.

மதிய உணவுக்குப் பிறகு இரண்டு நிமிடம், உங்கள் மேற்பார்வையில், பிள்ளைகள் பல் துலக்கட்டும். ஸ்காட்லாந்தின் நர்சரிப் பள்ளிகளில் சைல்ட்ஸ்மைல் திட்டத்தின் கீழ் இதைத்தான் தினமும் செய்கிறார்கள். ஆளுக்கொரு பிரஷ், பெயர் எழுதி, ஒன்றோடொன்று உரசாமல் வைக்க ஒரு தாங்கி. மூன்று முதல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு பேஸ்ட் போதும். துலக்கிய பின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் ஃபுளூரைடும் கூடவே போய்விடும். இது இரவுத் துலக்கலுக்கு மாற்று அல்ல. தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடும் என்பதால் படுக்கப் போகும் முன் துலக்குவதே முக்கியமானது. ஏழெட்டு வயதுவரை அதில் பெரியவர் கை இருக்க வேண்டும்.

ஆண்டுக்கொரு பல் முகாமில் ஐந்தைந்து நொடி எட்டிப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நானே அப்படி எழுதியிருக்கிறேன். அந்தச் சீட்டுகளில் பல வீடு போய்ச் சேர்வதில்லை. முகாம் நடத்துவதானால் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் அந்த நான்கு பற்களை மட்டுமாவது குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளங்களை மூடும் சீலன்ட் பூச்சைப் பற்றிப் பெற்றோரிடம் பேசச் சொல்லுங்கள். அதற்கு ஊசி வேண்டாம், துளையிட வேண்டாம், ஒரு பல்லுக்குச் சில நிமிடங்களே ஆகும்.

அந்தச் சிறுமிக்கு வேர் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. மற்ற மூன்று பற்களுக்கும் சீலன்ட் போட்டுவிட்டேன். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் நான்கிற்கும் போட்டிருக்கலாம்.

இந்த வாரமே டைரியில் மூன்று வரி எழுதி அனுப்ப முடியுமா? இப்படி இருந்தால் போதும்:

"உங்கள் பிள்ளைக்கு ஆறு வயதாகிறது. இன்றிரவு டார்ச் அடித்து, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் புதுப் பல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்து முளைக்காது."

அன்புடன்,
குழந்தைகள் பல் மருத்துவர் ஒருவர்