கொய்கன்ஹாஃப் பூந்தோட்டப் பயணம்: ஏப்ரல் 12, ஞாயிறு

தமிழ் வகுப்புப் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். நெதர்லாந்தின் டூலிப் தோட்டமான கொய்கன்ஹாஃப் போகும் நாள் முடிவாகிவிட்டது. தோட்டம் வருடத்தில் ஏறத்தாழ 8 வாரம்தான் திறந்திருக்கும். டூலிப் நன்றாகப் பூப்பது ஏப்ரல் நடுவில் என்பதால்தான் இந்தத் தேதி.

1. காலை 8.15க்கு லெய்டன் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கூடுவோம். அங்கிருந்து 854 பேருந்து நேராகத் தோட்ட வாசலுக்கே போகும். நேரமாக ஆகக் கூட்டம் சேரும், தாமதம் வேண்டாம்.

2. நுழைவுச்சீட்டை நேரம் குறித்து இணையத்தில் வாங்க வேண்டும். எல்லோருக்கும் சேர்த்து நானே எடுக்கிறேன். 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இலவசம்.

3. மதியத்துக்குப் புளியோதரை, தயிர் சாதம் மாதிரி ஏதாவது கட்டி வாருங்கள்.

4. மழைக்கோட்டு, நல்ல ஷூ அவசியம். 32 ஹெக்டேர் தோட்டம், நிறைய நடக்க வேண்டும்.

5. இது முக்கியம். தோட்டத்துக்கு வெளியே தெரியும் பூ வயல்கள் விவசாயிகளுடையவை. படம் எடுக்க உள்ளே இறங்கினால் கிழங்கு மிதிபடும், காலணி வழியாகச் செடிகளுக்கு நோயும் பரவும். ஓரத்தில் நின்றே எடுங்கள். பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

அப்புறம், தோட்டத்துக்குள் இருக்கும் காற்றாலை மேல் ஏறிப் பார்க்க மறக்காதீர்கள். சுற்றியுள்ள வயல்கள் அங்கிருந்து அவ்வளவு அழகு!

வருபவர்கள் மார்ச் 27, வெள்ளி இரவுக்குள் பெரியவர்கள் எத்தனை பேர், பிள்ளைகளின் வயது என்ன என்று இங்கேயே பதில் போடுங்கள். வர முடியாதவர்களும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.