வெந்நீர் ஊற்றுக்குப் போன பாதை யாருக்காவது நினைவிருக்கிறதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இந்த ஜூன் விடுமுறையில் ஒரு நாள் காலை, பேரனைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரின் வடக்கே கம்பாஸ் அவென்யூ பக்கமுள்ள செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குப் போனேன். கையில் ஆறு முட்டை, ஒரு துண்டு, சின்னப் புட்டியில் கறுப்புச் சோயா. வாளியில் வெந்நீரைப் பிடித்து முட்டைகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது பேரன் கேட்டான்: "தாத்தா, சின்ன வயசுல நீங்க இங்க எந்த வழியா வந்தீங்க?"

எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தேன். எந்தப் பக்கம் கையைக் காட்டுவது என்றே தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 1956ல், செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளமான நேவல் பேஸில் பிறந்தவன். அப்பா தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து அங்கிருந்த டக்யார்டில், அதாவது கப்பல் பட்டறையில், பெயின்டராக இருந்தார். எங்கள் குவார்ட்டர்ஸில் தமிழர்களும் மலையாளிகளும் அதிகம். குழாயடியில் இரண்டு மொழியும் கலந்து கேட்கும். சுற்றியிருந்த சாலைகளுக்கெல்லாம் வெள்ளைக்காரர்கள் ஆண்ட ஊர்கள், தேசங்களின் பெயர்கள்: கேன்பரா, வெலிங்டன், மால்டா, ஜிப்ரால்டர், டர்பன், ஒட்டாவா. அண்ணன் சைக்கிள் மிதிப்பார், நான் பின்னால் கேரியரில் இருப்பேன். "மால்டா தாண்டிட்டோம், அடுத்து ஜிப்ரால்டர்" என்று கத்திக்கொண்டே போவார். நான் பார்த்த முதல் உலகப் பயணம் அதுதான். எங்கள் பக்கத்தில் எங்கும் கடல் அருகிலேயே இருந்ததால், நிஜமான கேன்பராவும் கடலோர ஊர் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவிலுள்ள மகளைப் பார்க்கப் போனபோது அங்கேயும் போய்வந்தேன். கடலே இல்லை. நகரின் நடுவே இருப்பது மனிதர்கள் உருவாக்கிய ஏரி. அழகான ஊர்தான். ஆனால் அந்த ஏரிக்கரையில் நின்றபோது என் மூக்கு தேடியது சேற்றுக் கடல் வாடையையும் அப்பா சட்டையில் வீசிய பெயின்ட் வாடையையும்தான்.

ஊற்றுக்குப் போனது 1966 ஆக இருக்க வேண்டும். எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதினான்கு. அண்ணனோடு படித்த பக்கத்து வீட்டுப் பையனும் வந்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. சுடுதண்ணி ஊற்றுத் தண்ணீர் நல்லது என்று யாரோ சொல்ல, அண்ணன் ஒரு தகர வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மலாய்க்காரர்கள் அந்த இடத்தை ஆயர் பானாஸ் என்பார்கள். வழியில் ரப்பர் மரங்கள் இருந்தது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அண்ணன் ஒரு ரப்பர் கொட்டையைக் கல்லில் தேய்த்துச் சூடாக்கி என் கையில் வைத்தார். நான் அழுதேன். அப்புறம் மரவள்ளித் தோட்டங்கள், குரைத்துக்கொண்டே பின்னால் வந்த ஒரு நாய். திடீரென்று புல்லுக்கு நடுவே தண்ணீர், அதன் மேல் ஆவி. லேசாகக் கந்தக வாடை. அடுப்பில்லாமல் தண்ணீர் கொதிப்பதை அப்படியே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூவரும் மாற்றி மாற்றித் தூக்கி வீடு சேர்ந்தபோது வாளியில் பாதிதான் மிச்சம். அதுவும் ஆறிப்போயிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை அடுப்பில் வைத்துச் சூடாக்கி, முழங்காலில் ஊற்றிக்கொண்டு, "வலி குறைஞ்சிடுச்சுப்பா" என்றார்.

"இங்க எரிமலை இருக்கா?" என்றும் பேரன் கேட்டான். இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, பூமியின் வெப்பத்தில் சூடாகி மறுபடி மேலே வருகிறது. வெளிவரும்போது சுமார் 70 டிகிரி. இந்த ஊற்று 1909ல் கண்டுபிடிக்கப்பட்டது, 1920களில் ஒரு குளிர்பான நிறுவனம் இதைப் புட்டியில் அடைத்து விற்றது, ஜப்பானியர் காலத்தில் குளியல் தொட்டிகள் கட்டினார்கள் என்பதையெல்லாம் பெரியவனான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2020 ஜனவரியில் பூங்காவாகத் திறந்தார்கள். நன்றாக வைத்திருக்கிறார்கள். ஒரு வேண்டுகோள்: முட்டை ஓடுகளைக் கால் நனைக்கும் தொட்டியில் போடாதீர்கள். மூட்டு வலியோடு வரும் வயதானவர்கள் கால் வைக்கும் இடம் அது.

சரி, பாதைக்கு வருகிறேன். 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்த பிறகு நேவல் பேஸில் பல வீடுகள் காலியாகின. பக்கத்து வீட்டுக்காரர்கள் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போய்விட்டார்கள். எங்களோடு வாளி தூக்கிய பையனும் போனான். பிறகு தகவல் இல்லை. அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன்பு காலமாகிவிட்டார். வழி தெரிந்தவர்கள் அவர்கள் இருவர்தான். நான் பின்னால் நடந்தவன். அண்ணன் இருந்தபோது எத்தனையோ தீபாவளிக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை.

அன்று நேவல் பேஸில் மரத்தடியில் இருந்த எங்கள் முருகன், இன்று ஈசூனில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குப் போனால் நேவல் பேஸ் முகங்களைப் பார்க்கலாம். அப்படிப் பழக்கமான இரண்டு பேரைத் தொலைபேசியில் கேட்டேன். ஒருவர் சோங் பாங் கம்பத்தை (கிராமத்தை)ச் சுற்றிக்கொண்டுதான் போக முடியும் என்றார். இன்னொருவர், "அதெல்லாம் இல்ல, ஓடையைத் தாண்டினா குறுக்கு வழி இருந்துச்சு" என்று அடித்துச் சொன்னார். எனக்கு ஓடை எதுவும் நினைவில்லை.

1960களில் நேவல் பேஸ் குவார்ட்டர்ஸிலிருந்து ஊற்றுக்கு நடந்து போன வாசகர்கள் யாராவது இருந்தால், எந்த வழியாகப் போனீர்கள், வழியில் என்னென்ன இருந்தன என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். உங்களுக்கு எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் அவற்றுக்கு இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பேரன் ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறான். டிசம்பர் விடுமுறைக்குள் வழி தெரிந்தால், அதில் நடக்க முடிகிற மட்டும் இருவரும் நடப்பதாக இருக்கிறோம். தகர வாளி ஒன்று வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
நேவல் பேஸில் வளர்ந்த ஒரு வாசகர்,
ஈசூன்