அந்தக் கடிதத்தை முழுசா வைங்க: கண்காட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கண்காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்காவுல உருவான மார்மன் கிறிஸ்தவ சபையோட ஆரம்ப கால மிஷனரிகளோட குடும்பக் கடிதங்கள்னு நீங்க வச்சிருக்கிற கண்காட்சியைப் போன வாரம் பார்த்தேன், ரெண்டு மணி நேரம் நின்னு படிச்சேன், வெளிய வரும்போது மனசே சரியில்ல, அதான் எழுதுறேன்.

1839 செப்டம்பர்ல இங்கிலாந்து ஊழியத்துக்குக் கிளம்பும்போது, சபைத் தலைவர்கள் ஹீபர் கிம்பலும் பிரிகாம் யங்கும் காய்ச்சலோட வண்டியில எழுந்து நின்னு "இஸ்ரவேலுக்கு ஜே"ன்னு கத்துனது சுவர் முழுக்க இருக்கு. சரி. ஆனா அன்னிக்கு ஹீபரோட மனைவி வைலேட் கிம்பல் குளிர் காய்ச்சல்ல நடுங்கிட்டுப் படுத்திருந்தாங்க, கைக்குழந்தைக்கு ஒரு மாசம் கூட ஆகல, இன்னும் ரெண்டு பிள்ளைங்க பக்கத்துலயே சுருண்டு கிடந்துச்சு, வீட்டுல நடமாடுற நிலைமையில இருந்தது நாலு வயசுப் பையன் ஒருத்தன்தான், அவன்தான் தூக்க முடியாம தூக்கித் தண்ணி கொண்டாந்து கொடுத்தான். அந்தப் பையனைப் பத்தி உங்க சுவர்ல ஒரு வரி இல்ல.

அதை விட என்னால தாங்க முடியாதது ஃபீபி உட்ரஃப் கடிதம். புருஷன் வில்ஃபோர்ட் இங்கிலாந்துல ஊழியத்துல இருக்கார், இவங்க அமெரிக்காவுல, அயோவா பக்கம் மான்ட்ரோஸ்ங்கிற ஊர்ல பழைய ராணுவக் குடியிருப்புல ஒரு ரூம்ல குடும்பம் நடத்துறாங்க. 1840 ஜூலை 17 அன்னிக்கு மக சாரா எம்மா செத்துப் போச்சு, ரெண்டு வயசு முடிஞ்சு மூணே நாள். மறுநாளே உக்காந்து, நேத்து நம்ம பொண்ணு போயிட்டா, இதைப் படிக்கும்போது உங்க மனசு என்ன பாடுபடுமோன்னு எழுதியிருக்காங்க. கடல் தாண்டி அவருக்குச் சேதி போய்ச் சேர அக்டோபர் ஆயிடுச்சு, அதுவரைக்கும் மக உயிரோட இருக்கான்னுதானே அந்த மனுஷன் நினைச்சிட்டு இருந்திருப்பார்? உங்க பலகையில சாவும் இல்ல சீக்கும் இல்ல, மூணு புள்ளி வச்சிட்டு விசுவாசம் பேசுற வரியை மட்டும் போட்டிருக்கீங்க. பிள்ளையைப் பறிகொடுத்த மறுநாள் எழுதுனதுன்னு தெரியாம படிக்கிறவனுக்கு அந்த விசுவாசம் எப்படிங்க புரியும்?

அந்தக் காலத்துல அமெரிக்கத் தபால்ல 400 மைலுக்கு மேல போனா ஒரு தாளுக்கே 25 சென்ட், கவர் போட்டா அதுவும் இன்னொரு தாள் கணக்கு, அதனால ஒரே தாளை மடிச்சு அரக்கு ஒட்டி அனுப்புவாங்க, ஓரத்துல கூட இடம் விடாம எழுதுவாங்க. அப்படி எழுதுனதை இடம் பத்தலன்னு நீங்க வெட்டலாமா? சபை வரலாறு பேசுற எல்லா இடத்துலயும் இதே கதைதான், போனவங்க பேர் பெருசா இருக்கும், வீட்டுல கிடந்தவங்க "நோயுற்ற மனைவி"தான், பேர் கூட கிடையாது.

மன்னிக்கணும், கோவத்துல எங்கயோ போயிட்டேன். நான் கேக்குறது ஒண்ணுதான். ஃபீபி கடிதத்தை முழுசா வைங்க, பக்கத்துல சாரா எம்மா பேரையும், பொறந்த தேதி, செத்த தேதி ரெண்டையும் போடுங்க, வைலேட் பேரை அந்த வண்டிப் படத்துக்குக் கீழயே எழுதுங்க. கண்காட்சி முடியறதுக்குள்ள செஞ்சீங்கன்னா திரும்ப வந்து பார்ப்பேன், தயவு பண்ணுங்க.

இப்படிக்கு,
உங்க கண்காட்சிக்கு வந்த ஒரு வாசகி