ஞாயிறு லினக்ஸ் நிறுவ வருபவர்களுக்கு

நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) போட வருகிறவர்கள் முடிந்தால் ஒரு லேன் கேபிள் எடுத்து வாருங்கள். வைஃபையிலும் போடலாம், ஆனால் போன முறை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டெஸ்க்டாப் கோப்புகள் பாதிக்கு மேல் இறங்கியபோது சிக்னல் போனது. "மறுபடி முயலவா?" என்று கேட்டுக்கொண்டே நிறுவி (டெபியனை நிறுவும் மென்பொருள்) அரை மணி நேரம் நின்றது.

நாம் பயன்படுத்தும் நெட்இன்ஸ்ட் என்ற சிறிய நிறுவல் கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவு. மீதி எல்லாம் நிறுவும்போதே இணையத்திலிருந்து இறங்கும். அதனால்தான் இணைப்பு நிலையாக இருக்க வேண்டும்.

முன்பெல்லாம் வைஃபை சிப்புக்கான ஃபர்ம்வேரை (அந்தச் சிப் இயங்கத் தேவையான மென்பொருளை)த் தனி பென் டிரைவில் வைத்துக்கொண்டு அலைவோம். 2023இல் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவல் கோப்பிலேயே இருக்கிறது. பழைய 11ஐ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டல் வைஃபையை நம்பி வராதீர்கள். உலாவியில் பெயர், கடவுச்சொல் கேட்கும் வகை அது. நிறுவியில் உலாவி ஏது?

லேன் போர்ட் இல்லாத மெல்லிய லேப்டாப்பா? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, யுஎஸ்பி டெதரிங்கை (போனின் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் வசதியை) ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள் வேண்டாம், அதில் டேட்டா போகாது. டேட்டா பேக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சார்ஜரை மறக்காதீர்கள்.