இணைப்பை மாற்றலாம், முகவரியை என்ன செய்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேகம், மாதக் கட்டணம், ரூட்டரைத் திருப்பிக் கொடுப்பது, ஒப்பந்தக் காலம் முடியும் முன் விலகினால் கட்ட வேண்டிய தொகை என்று எல்லாவற்றையும் விளக்கியிருந்தீர்கள். மின்னஞ்சலைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை. இணைப்போடு சேர்த்து அந்த நிறுவனமே கொடுத்த முகவரியைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறவருக்கு, மாறும்போது விழும் பெரிய அடி அதுதான். நிறுவனங்களை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது ‘விலகினால் மின்னஞ்சல் எத்தனை நாள் இருக்கும்’ என்று ஒரு பத்தியும் சேர்த்திருக்கலாம்.

ஜிமெயில் காலத்தில் இன்னும் யார் அப்படி முகவரி வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஜிமெயில் வந்ததே 2004இல்தான். அதற்கு முன் வீட்டுக்கு இணைப்பு வாங்கிய பலருக்கு, இணைப்புப் படிவத்தோடு வந்த முகவரியே முதல் முகவரி. ஹாட்மெயில் 1996 முதல் இருந்தது, உண்மை. ஆனாலும் கையில் கொடுத்ததை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடிப்போகிறவர்கள் குறைவு. அப்படி வாங்கிய முகவரியில்தான் வங்கி, காப்பீடு, வரி, பழைய நண்பர்கள், புகைப்படக் கணக்கு எல்லாம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்திருக்கும்.

என் மாமா அப்படி ஒருவர். மொழிபெயர்ப்பாளர், அவருடைய முகவரி அச்சிட்ட புத்தகங்களிலேயே இருக்கிறது. வேகம் போதவில்லை என்று இணைப்பை மாற்றினார். பழைய நிறுவனம் ஒரு குறுஞ்செய்தியோடு கணக்கை மூடிவிட்டது. காப்பீட்டுத் தளத்தில் புது முகவரியைப் பதிய உட்கார்ந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ‘மின்னஞ்சலை மாற்று’ என்பதை அழுத்தினார். ‘பதிவு செய்த முகவரிக்கு 6 இலக்க எண் அனுப்பியுள்ளோம்’ என்று திரை சொன்னது. கீழே முதல் எழுத்து, அப்புறம் வரிசையாக நட்சத்திரங்கள், கடைசியில் கணக்கை மூடிவிட்ட அதே நிறுவனத்தின் பெயர். பழைய முகவரியை மாற்றப் பழைய முகவரியே வேண்டும்! வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால், “சார், அந்த மெயில்ல இருந்து ஒரு வேண்டுகோள் அனுப்புங்க, உடனே மாத்திடறோம்” என்கிறார்கள்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. சில நிறுவனங்கள் உங்களை உள்ளே விடாமல் பூட்டிவிடும், ஆனால் பெட்டி சில காலம் அஞ்சலை வாங்கிக்கொண்டே இருக்கும். எழுதியவருக்குக் கடிதம் திரும்பி வராது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் நினைப்பார், நீங்கள் பதில் போடவில்லை என்று வருத்தப்படுவார். இதற்கு, ‘அப்படி ஒரு பயனர் இல்லை’ என்று 550 என்ற பிழை எண்ணோடு திரும்பி வருவதே மேல்.

தொலைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றப் பல நாடுகளில் வழி இருக்கிறது. மின்னஞ்சலுக்கு ஏன் இல்லை என்பது நியாயமான கேள்வி. இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. எண்ணைப் பொறுத்தவரை, அது இப்போது எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று ஒரு பொதுப் பதிவேட்டில் பார்த்துவிட்டு அழைப்பைத் திருப்பலாம். மின்னஞ்சலில் அனுப்பும் சர்வர் @ குறிக்குப் பின்னால் இருக்கும் பெயரை மட்டும் பார்க்கும். அந்த டொமைனுக்கு அஞ்சல் வாங்கும் சர்வர் எது என்று இணையப் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் கேட்கும். எம்எக்ஸ் என்ற பதிவு பதில் சொல்லும். குறிக்கு முன்னால் இருப்பது நீங்களா நானா என்பது அந்தக் கட்டத்தில் யாருக்கும் தேவையில்லை. எனவே ஒரே டொமைனில் இருக்கும் லட்சம் பேரில் ஒருவரை மட்டும் பிரித்து வேறு நிறுவனத்துக்கு அனுப்ப வெளியிலிருந்து முடியாது. டொமைனை வைத்திருப்பவர் உள்ளே வாங்கித்தான் திருப்பிவிட வேண்டும்.

திருப்பிவிடுவது பெரிய வித்தையா என்றால், இல்லை. வீடு மாறினவரின் கடிதத்தைத் தபால்காரர் புது விலாசத்துக்கு அனுப்புகிற மாதிரிதான். மின்னஞ்சல் நெறிமுறையை வகுத்த 1982ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 821 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்திலேயே இதற்கு இடம் வைத்திருந்தார்கள். வாங்கும் சர்வர் சொல்லும் பதில் எண் 251 என்றால் ‘இவர் இங்கே இல்லை, நானே அனுப்பிவிடுகிறேன்’. 551 என்றால் ‘இவர் இங்கே இல்லை, இந்த முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள்’. ஆள் இடம் மாறுவான் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. 551ஐ இன்று யாரும் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. கேட்கிற எல்லாருக்கும் புது முகவரியைச் சொன்னால் ஸ்பேம் அனுப்புகிறவனுக்கும் சொன்னதாகிவிடும், அது சரிதான். 251க்கு அந்தத் தடையும் இல்லை.

நிறுவனங்கள் சொல்லும் தொழில்நுட்பச் சாக்கு ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று எஸ்பிஎஃப் பட்டியல் சொல்கிறது. உங்கள் வங்கி அனுப்பிய கடிதத்தைப் பழைய நிறுவனம் திருப்பி அனுப்பும்போது, வாங்குகிற சர்வருக்கு அது வங்கியின் பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து வந்ததாகத் தெரியும். ஸ்பேமில் தள்ளினாலும் தள்ளும். ஆனால் கடிதத்தின் உள்ளடக்கத்தைத் தொடாமல் அனுப்பினால் அனுப்பியது வங்கிதான் என்று காட்டும் டிகேஐஎம் என்ற மின் கையெழுத்து கெடாது. உறை முகவரியை (அனுப்புநர் என்று சர்வர்கள் தமக்குள் சொல்லிக்கொள்வதை) மாற்றி எழுதி எஸ்பிஎஃப் சோதனையைத் தாண்டும் முறையும் பல காலமாக இருக்கிறது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசன் 2017இல் மின்னஞ்சல் சேவையிலிருந்து விலகியபோது, பழைய முகவரியை அப்படியே வைத்துக்கொள்ள விரும்பியவர்களை ஏஓஎல் என்ற மின்னஞ்சல் சேவைக்கு மாற்றிவிட்டது. ஏஓஎல் அதன் சொந்த நிறுவனமாக இருந்தது என்பது வேறு விஷயம். மனம் இருந்தால் முடியும் என்பதற்குத்தான் சொல்கிறேன்.

மனம் இல்லாத இடத்தில் சட்டம் வேண்டும். பிரான்சில் இணைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டவர் கேட்டால், அந்த நிறுவனம் கொடுத்த மின்னஞ்சலை 6 மாதம் வரை இலவசமாகப் பயன்படுத்த விட வேண்டும். 2018இல் வந்த ஐரோப்பிய மின்னணுத் தொடர்புச் சட்டத்தொகுப்பும், விலகிய பிறகு அஞ்சலைப் பார்க்கவோ திருப்பிவிடவோ வசதி தரும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த உறுப்பு நாடுகளுக்கு இடம் கொடுக்கிறது. 6 மாதம் போதாது என்பது என் கருத்து. காப்பீட்டுப் புதுப்பிப்பு, வரிக் கணக்கு, சந்தா இவையெல்லாம் வருடத்துக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்க்கும். ஒரு வருடமாவது திருப்பிவிட்டால்தான் எல்லாம் ஒரு சுற்று வந்து, விட்டுப்போனது எது என்று தெரியும்.

அதோடு, விட்டுப்போன முகவரியை இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. யாஹூ 2013இல் நீண்ட நாள் பயன்படுத்தாத முகவரிகளை மறுபடி வழங்கியது. புதிதாக வாங்கியவர்களுக்குப் பழைய ஆளின் அந்தரங்கக் கடிதங்கள் வரத் தொடங்கின. பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று ஒரு தளத்தில் அழுத்தினால் போதும், சாவி அந்தப் பெட்டிக்குத்தானே போகும்? கடிதம் எந்தத் தேதி முதல் முகவரியை வைத்திருப்பவருக்கானது என்று குறிப்பிட ஒரு புதுத் தலைப்பு வரியை 2014இல் ஆர்எஃப்சியாகவே வெளியிட வேண்டியதாயிற்று.

சட்டம் வருகிற வரை என்ன செய்வது? பழைய இணைப்பை வெட்டும் முன் புதியதை வாங்கி, இரண்டும் கொஞ்ச காலம் சேர்ந்து ஓடட்டும். பழைய இன்பாக்ஸில் ‘கணக்கு’, ‘பாஸ்வேர்டு’, ‘உறுதிப்படுத்த’, ‘சந்தா’ என்று தேடிப் பார்த்தால் எங்கெல்லாம் பதிந்திருக்கிறோம் என்பது வந்துவிடும். இந்தச் சொற்களை ஆங்கிலத்திலும் தேடுங்கள். ஒவ்வொரு தளமாகப் போய், பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். முதலில் பணம் சம்பந்தப்பட்டவை. ஐமேப் முறையில் படிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணினியில் தெரியும் கடிதங்கள் சர்வரில் இருப்பவற்றின் பிரதிபலிப்புதான். கணக்கு மூடினால் இவையும் கையை விட்டுப் போகலாம். தண்டர்பேர்டு போன்ற செயலியில் ‘உள்ளகக் கோப்புறை’க்குள் நகல் எடுத்து வையுங்கள். பாப் முறையில் இறக்கிக்கொண்டவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

இலவச சேவைக்கு மாறினால் இணைப்பும் முகவரியும் பிரிந்துவிடும், அது நல்லதுதான். அங்கேயும் நிபந்தனை உண்டு: 2 வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023இல் விதி கொண்டுவந்தது. இன்னும் உறுதியான வழி சொந்த டொமைன். எம்எக்ஸ் பதிவு உங்கள் கையில் இருப்பதால் அஞ்சல் சேவையை எத்தனை முறை மாற்றினாலும் முகவரி மாறாது. எழுத்தாளர்களுக்கும் சிறு தொழில் செய்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்; மாமாவுக்கும் இதைத்தான் செய்து கொடுத்தேன். ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் பெயரை வேறொருவர் வாங்கிக்கொள்ளலாம், உங்களுக்கு வரும் எல்லாமே அவருக்குப் போகும். டாட் காம் போன்ற பெயர்களை ஒரே தடவையில் 10 வருடம் வரை பதிந்துகொள்ளலாம். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் வரும் முகவரி மட்டும் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றுபோன அன்று அந்த நினைவூட்டலும் உங்களுக்கு வராது.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்