பத்தாம் வகுப்பு ஆங்கில ரிவிஷன்: வீட்டில் ஒரு கால் மணி நேரம் வேண்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் உங்களில் பலர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டீர்கள்: "மத்த பாடம்னா பக்கத்துல உக்காந்து ஒப்பிக்கச் சொல்லுவோம் சார். இங்கிலீஷுக்கு நாங்க என்ன பண்றது?" அன்று அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். சரியான பதிலை இப்போது எழுதுகிறேன். வாரத்தில் மூன்று நாள் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை நானே எடுப்பதால் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

பொதுத்தேர்வில் ஆங்கிலத் தாள் 100 மதிப்பெண்ணுக்கு; தேர்ச்சிக்கு 35. முதல் 14 கேள்விகளும் ஒரு மார்க். பொருள், எதிர்ச்சொல், பன்மை, ப்ரிபொசிஷன், டென்ஸ், ஃப்ரேசல் வெர்ப் என்று எல்லாம் அதில் வரும். மெல்லக் கற்கும் பிள்ளையும் இதில் பாதிக்கு மேல் எடுக்கலாம். ஆனால் கைடில் இருக்கும் பட்டியலை வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். போன வாரம் ஒரு பையன் இருபது சொல்லுக்கும் பொருளை மடமடவென்று ஒப்பித்தான். "ஏழாவது சொல்லுக்கு மட்டும் சொல்லுப்பா" என்றேன். விரலை மடக்கி முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தான்! தேர்வில் சொற்கள் கைடு வரிசையில் வராது.

மரபுத்தொடர்களில் நிலைமை இன்னும் வேடிக்கை. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதற்கு ஸ்லிப் டெஸ்டில் ஒரு பெண் 'நீல நிலாவில் ஒரு தடவை' என்று எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை. "ரொம்ப நாள் கழிச்சு உங்க மாமா வந்தா பாட்டி என்ன சொல்வாங்க?" என்று கேட்டேன். "அத்தி பூத்தாப்ல வந்திருக்கியேன்னு சொல்வாங்க" என்றாள். சொன்ன மறுநொடி அவளே சிரித்துவிட்டாள். இனி அந்தத் தொடரை அவள் மறக்க மாட்டாள். 'பீட் அரௌண்ட் த புஷ்' என்பதற்குப் புதரைச் சுற்றி அடிப்பது என்று எழுதியவனுக்கும், வீட்டில் "சுத்தி வளைக்காம விஷயத்தைச் சொல்லு" என்று திட்டு வாங்கிய ஞாபகம் வந்தது.

இங்கேதான் நீங்கள் வேண்டும். பிள்ளை தினமும் இரண்டு தொடர்களை நோட்டில் எழுதிக்கொண்டு வரும். எந்த இடத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று அது தமிழில் உங்களுக்கு விளக்க வேண்டும். நம் ஊரில் அதற்கு என்ன சொல்வோம் என்று நீங்கள் சொல்லுங்கள். தாத்தா, பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. சில தொடர்களுக்கு ஈடு கிடைக்காது, அதை விட்டுவிடலாம்.

இலக்கணத்திலும் நம் தமிழ் கை கொடுக்கும். 'அவன் வந்தாள்' என்று எந்தப் பிள்ளையும் தவறிப்போய்க்கூடச் சொல்லாது. ஆனால் 'ஹி கோ டு ஸ்கூல்' என்று கூச்சமில்லாமல் எழுதும். தமிழில் ஒவ்வொரு ஆளுக்கும் வினைமுற்று மாறுகிறது. இங்கிலீஷில் நிகழ்காலத்தில் அவன், அவள், அது என்றால் வினைச்சொல்லின் கடைசியில் ஓர் 'எஸ்' ('கோ' போன்ற சிலவற்றுக்கு 'இஎஸ்') ஒட்டினால் பெரும்பாலும் போதும். இப்படிச் சொன்ன பிறகு வகுப்பில் பாதிப் பேர் திருந்திவிட்டார்கள். மீதிப் பாதி இன்னும் மறக்கிறது.

நேர்கூற்று, அயற்கூற்றும் அப்படித்தான். "நாளைக்கு வர்றேன்" என்று சித்தப்பா சொன்னதைப் பத்து நாள் கழித்துச் சொல்லும்போது 'மறுநாள் வருவதாகச் சொன்னார்' என்கிறோம். 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆவதற்கும் அதே காரணம்தான். சாப்பிடும்போது யாராவது சொன்ன ஒரு வாக்கியத்தைக் கொடுத்து மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் தமிழில், அப்புறம் இங்கிலீஷில். இங்கிலீஷில் சொல்வது சரியா தவறா என்று நீங்கள் பார்க்க வேண்டாம், அது எங்கள் வேலை.

தவறாகச் சொன்னால் யாரும் சிரிக்காமல் இருந்தால் போதும். நானும் தமிழ்வழியில் படித்தவன்தான். பி.எட். முடிக்கும்வரை 'டிஸ்கஸ் அபௌட்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த 'அபௌட்' வேண்டாம் என்று ஒரு நண்பன்தான் காதோடு சொன்னான்.

புதிதாகக் கைடு எதுவும் வாங்க வேண்டாம். அரசு கொடுத்த பாடநூலும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். சிறப்பு வகுப்பு திங்கள் முதல் வியாழன் வரை மாலை 4.30 முதல் 5.30 வரை. தூரத்து ஊர்ப் பிள்ளைகளை 5.40 பேருந்தில் ஏற்றிவிட்டுத்தான் ஆசிரியர் கிளம்புவார். விசேஷம், கோயில் கொடை என்று இந்த இரண்டு மாதமும் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த நோட்டை வாங்கிப் பார்ப்பேன். உங்கள் கையெழுத்துக்கு மேலே, வீட்டில் சொன்ன சொலவடை ஒன்றாவது பிள்ளையின் கையெழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்